பதினாலாம் வார்டின் மேல் கவிழ்த்த பூங்கா

ஊருக்கு ஊர் ஒரு கிறுக்கு உண்டு. எங்க ஓடைக்குறிச்சி நகராட்சிக்கு இருந்த கிறுக்கு, புதுசா எதுக்கும் பேர் வைக்கக் கூடாதுங்கறது. பேர் வைக்கணும்னா தீர்மானம் போடணும், தீர்மானம் போடணும்னா கூட்டம் கூடணும், கூட்டம் கூடினா முப்பது கவுன்சிலரும் முப்பது பேர் சொல்லுவாங்க, அதுல பாதி அவங்கவங்க அப்பா பேரா இருக்கும், நாற்காலி பறக்கும். அதனால எது புதுசா வந்தாலும் ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு பேருக்குள்ள அதைச் சொருகி வச்சிடறது எங்க ஆபீஸ் வழக்கம். கீழ நிக்கிற ஜெனரேட்டர் இன்னைக்கும் ரிஜிஸ்டர்ல 'நாய் பிடிக்கும் வண்டி'ன்னுதான் இருக்கு. அது ரிப்பேர் ஆனா, நாய் பிடிக்கும் வண்டி இருமுதுன்னுதான் மெக்கானிக்குக்குக் கடுதாசி போடணும். ஆறு வருஷமா நான்தான் போடறேன். நான் ஜெயபாக்கியம், அந்த நகராட்சியோட கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவுன்னா நானும் ஒரு மேசையும்தான், அதுவும் ஒப்பந்த வேலை.

என் அறைக்குள்ள கறுப்பு பீரோ மாதிரி ஒரு யூனிக்ஸ் சர்வர் நிக்குது. வரி, குடிநீர், சுகாதாரம், பிறப்பு இறப்பு, எல்லாப் பிரிவு கம்ப்யூட்டரும் வயர் வழியா அதுல வந்து சேரும். அதுக்குள்ள வார்டு ஒண்ணுல இருந்து வார்டு முப்பது வரைக்கும் முப்பது ஃபோல்டர். எந்த வார்டுக்காரங்க மனு கொடுத்தாலும் ஸ்கேன் பண்ணி அந்த வார்டு ஃபோல்டர்ல போட்டு வைப்பேன், எந்தப் பிரிவுல இருந்தும் திறந்து வாசிக்கலாம். வாசிக்கலாம்னுதான் சொன்னேன், வாசிச்சாங்கன்னு சொல்லல.

பதினாலாம் வார்டுன்னா செக்கடித் தெரு. ஒரே தெரு, அறுபத்திரண்டு வீடு, ஆபீசுக்கு நேர் எதிர்ல. என் ஜன்னலைத் திறந்தா அந்தத் தெருவோட வாய் தெரியும். ஊர்ச் சாக்கடையை அள்ளுறவங்க, குப்பை வண்டி தள்ளுறவங்க, ஆபீஸ் கூட்டுறவங்க எல்லாருக்கும் அங்கதான் வீடு. ஊரையே கழுவி வைக்கிறவங்க தெருவுல கழுவுறதுக்கு ஒரு குழாய் கிடையாது. தெரு வாய்க்குக் குறுக்கே ஓடுற பெரிய சாக்கடைக்கு மேல ஒரு சிலாப் கிடையாது, ரெண்டு பலகை கிடக்கும், அதுல சைக்கிள் போகும், ஆம்புலன்ஸ் போகாது. இதையெல்லாம் எழுதி எழுதி அவங்க கொடுத்த மனு நாப்பத்தொண்ணும் என் சர்வர்ல பதினாலாம் ஃபோல்டர்ல பத்திரமா இருந்தது. பத்திரமா வச்சிருக்கோம்னு நான் பெருமைப்பட்டதும் உண்டு, கேவலம்.

எங்க ஆபீஸைக் கூட்டுற ஆவுடைத்தங்கம் அக்காவுக்கு அந்தத் தெருவுல பதினேழாம் நம்பர் வீடு. தினமும் காலையில விளக்கமாறோட என் மேசைக்குக்கிட்ட வந்து, "கொஞ்சம் காலைத் தூக்குங்கம்மா, அடியில கூட்டிக்கிடுதேன்" அப்படிம்பாங்க. நானும் தினமும், "அப்புறம் கூட்டுங்கக்கா, வேலை கிடக்கு" அப்படிம்பேன். அவங்களும் மேசையைச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அவங்களுக்கு ஒரே மக, சண்முகக்கனி. இந்தக் கூத்து நடக்கிறதுக்கு முந்தின வருஷம் கனிக்குப் பிரசவ வலி வந்தப்போ ஆம்புலன்ஸ் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கமே நின்னுது. ஆவுடையக்கா அப்போ பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கழுவிக்கிட்டு இருந்தாங்க. தகவல் சொல்லி அவங்க ஓடி வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சு. நாப்பத்தொண்ணுல இருபத்திமூணாவது மனு அந்த சிலாப்புக்கானது. கனி மறுபடி உண்டானதும் ஆவுடையக்கா மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தாங்க, இந்தத் தடவை உன் தலைமாட்டுல நான் இருப்பேன்னு. இந்தக் கதையில இருக்கிறது அந்த ஒரு சத்தியம்தான். மத்ததெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்.

மாவட்டத் தலைமையிடத்துல இருந்து ஒரு உத்தரவு வந்தது. அவங்க சர்வர்ல 'மாதிரிப் பூங்கா'ன்னு ஒரு ஃபோல்டர், அதுல புல்வெளி, கிரானைட் பெஞ்சு, நடைபாதை, நீரூற்று எல்லாத்துக்கும் படமும் அளவும் இருக்கு. அதை ஒவ்வொரு நகராட்சியும் தன் சர்வர்ல தெரியும்படி பகிர்ந்து வைக்கணும். இது பெரிய வித்தை இல்ல. நம்ம சர்வர்ல ஒரு காலி ஃபோல்டரை எடுத்து, அதுமேல அவங்க ஃபோல்டரை நெட்வொர்க் வழியா ஏத்தி உட்கார வைக்கணும், அவ்வளவுதான். நாங்க அதை மவுண்ட் பண்றதுன்னு சொல்லுவோம். ஏத்தின பிறகு நம்ம ஃபோல்டரைத் திறந்தா அவங்களோடது தெரியும். இதுல பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எதுமேல ஏத்துறோமோ அது காலியா இருக்கணும். உள்ளே ஏதாவது இருந்தா அது அழியாது, ஆனா மேல ஏறினது இறங்குற வரைக்கும் யார் கண்ணுக்கும் படாது, சோத்துத் தட்டு மேல இன்னொரு தட்டைக் கவுத்தின மாதிரி. இது எனக்குத் தெரியும். தெரியாம செஞ்சேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

கமிஷனர்கிட்டப் போனேன். "சார், பூங்கான்னு ஒரு புது ஃபோல்டர் போட்டுக்கிடுதேன்."

"புதுப் பேரா? தீர்மானம் இருக்கா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஃபோல்டர் சார். வெளிய யாருக்கும் தெரியாது."

"பேர்னா பேர்தான் ஜெயபாக்கியம். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? இருக்கிறதுல ஒண்ணைப் பாருங்க. எது காலி?"

"எதுவும் காலி இல்ல சார்."

"பதினாலு?"

"அதுல நாப்பத்தோரு மனு இருக்கு."

"வேற என்ன இருக்கு?"

"மனுதான் சார்."

"அப்ப காலிதானே."

சொல்லிட்டுப் பேனாவை மூடினார் மனுஷன். நான் என்ன செஞ்சிருக்கணும்? மேசையில ஒரு தட்டு தட்டி, அது காலி இல்ல சார், அறுபத்திரண்டு வீட்டு வயித்தெரிச்சல் அதுல இருக்குன்னு சொல்லியிருக்கணும். சொல்லலியே! என் ஒப்பந்தம் அந்த மாசக் கடைசியில புதுப்பிக்கணும். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாப்பதுக்கு அந்தக் கட்டளையை அடிச்சேன். தலைமையிடத்துப் பூங்கா எங்க பதினாலாம் வார்டு மேல ஏறி உட்கார்ந்தது. ஒழுங்கா ஏறியிருக்கான்னு ஃபோல்டருக்குள்ள போய்ப் பார்த்தேன், எல்லாம் ஜோரா இருந்தது. அந்த ஃபோல்டர் ஜன்னலைக் கம்ப்யூட்டர் திரையில ஒரு ஓரமா ஒதுக்கிட்டு வேற வேலையில இறங்கிட்டேன். கால் குளுகுளுன்னு இருந்தது. நாலு வருஷமா மூச்சு விடாத ஏ.சி. ஒருவழியா வேலை செய்யுது போலன்னு நினைச்சு, செருப்பைக் கழட்டி மேசைக்கடியில தள்ளி, காலை நல்லா நீட்டிக்கிட்டேன்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க எந்திரிச்சப்போ ஜன்னல் வழியாப் பார்த்தேன். செக்கடித் தெரு இருந்த இடத்துல பூங்கா இருந்தது. படத்துல இருந்த அதே புல், அதே கிரானைட் பெஞ்சு, அதே நீரூற்று, பெஞ்சு ஓரத்துல தலைமையிடத்து முத்திரை வேற. சாக்கடையும் இல்ல, பலகையும் இல்ல, துணிக்கொடியும் இல்ல, வீடும் இல்ல.

ஊரு என்ன செஞ்சதுன்னு நினைக்கிறீங்க? அலறினாங்களா? அட நீங்க வேற! சாயங்காலமே சுண்டல் வண்டி வந்துடுச்சு. மறுநாள் காலையில அஞ்சரைக்கு, ரிட்டயர்டு தாசில்தார் கோமதிநாயகம் தலைமையில 'நடைப்பயிற்சி நண்பர்கள் குழு' உருவாயிடுச்சு, அதுக்குத் தீர்மானமும் வேண்டியிருக்கல ஒண்ணும் வேண்டியிருக்கல. மூணாம் நாள் ஒரு சடங்கு வீட்டுக்காரங்க பொண்ணைக் கூட்டிட்டு வந்து நீரூற்று முன்னால போட்டோ எடுத்தாங்க. நாலாம் நாள் யோகா. ரொம்ப நாளா நமக்கு ஒரு பார்க்கு இல்லியேன்னு குறையா இருந்துச்சு, வந்துட்டுன்னு ஊரே பேசிக்கிச்சு. அங்க ஒரு தெரு இருந்துச்சேன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைத் திறந்து கேட்கல. அவங்க வீட்டுக் குப்பையை அள்ளிட்டுப் போன கை எந்த வீட்டுக் கைன்னு அவங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு, இன்னைக்கு ஞாபகம் வர?

பத்து நாப்பதுக்கு வீட்டுக்குள்ள இருந்தவங்க எல்லாரும் புல்லுக்கு அடியில இருந்தாங்க. வேலைக்கு வெளிய வந்திருந்த அம்பத்தெட்டுப் பேரு வெளியவே மாட்டிக்கிட்டாங்க, அதுல ஆவுடையக்காவும் ஒருத்தர். அம்பத்தெட்டுப் பேரும் கமிஷனர் அறை வாசல்ல வந்து நின்னப்போ, உங்க முகவரிக்கு ஆதாரம் கொண்டு வாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஆதாரமெல்லாம் வீட்டுக்குள்ள டிரங்குப் பெட்டியில இருக்குய்யான்னாங்க. வீடு எங்க இருக்குன்னு கேட்டாங்க. இதைக் கேட்டவன் ராத்திரி சோறு தின்னிருப்பான் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது. அம்பத்தெட்டுப் பேரும் பஸ் ஸ்டாண்டுல படுத்து எந்திரிச்சு, காலையில அதே ஊரைப் போய்க் கூட்டினாங்க. அந்தப் பூங்காவைக் கூட்டுறதுக்கும் அவங்களைத்தான் போட்டாங்க.

ஆவுடையக்கா தினமும் ஆபீஸ் கூட்டி முடிச்சிட்டு நேரா பூங்காவுக்குப் போவாங்க. வாசல்ல இருந்து எண்ணி நாப்பத்திமூணு எட்டு, அப்புறம் இடது பக்கம் திரும்பி ஆறு எட்டு. அந்த இடத்துல குப்புறப் படுத்துப் புல்லுல வாயை வச்சுக் கூப்பிடுவாங்க.

"ஏட்டி கனி, கேக்கா?"

"கேக்கும்மா. எங்க நின்னு பேசுத? தலைக்கு மேல இருந்து கேக்கு."

"வெளியதாம்ட்டி நிக்கேன். சாப்டியா?"

"மேரியக்கா கஞ்சி குடுத்தா. ஏம்மா, தெருமுக்கு வரைக்கும் நடந்தா திரும்பவும் நம்ம வாசல்லயே வந்து நிக்குது. யாராலயும் வெளிய போக முடியல."

"நடக்காத. படுத்துக்க. அம்மா வந்துருதேன்."

"தலைமாட்டுல இருப்பேன்னு சொன்னே."

"இருப்பேம்ட்டி. சொன்னாச் சொன்னதுதான்."

ஒரு நாள் நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். தாசில்தார் கோமதிநாயகம் கையை வீசி நடந்து வந்தவர் நின்னார். "ஏம்மா, புல்லுல படுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கே, வாசிக்கத் தெரியாதா?"

"என் மக உள்ள இருக்காய்யா. மாசமா இருக்கா."

"இங்க ஆளு குடியிருந்ததா ரிக்கார்டு இல்லியேம்மா. பதினாலாம் வார்டைத் திறந்து பார்த்தா பூங்கான்னுதான் இருக்கு. நான் முப்பத்தஞ்சு வருஷம் ரெவின்யூவுல இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

"ரிக்கார்டுல இல்லாட்டி என்னய்யா, சத்தம் கேக்குல்லா?"

"சத்தத்துக்கெல்லாம் பட்டா கிடையாதும்மா" அப்படின்னுட்டு மிச்ச ரவுண்டை நடக்கப் போனார். நல்ல மனுஷன், பேரனுக்கு ஒரு ஜுரம்னா துடிச்சுப் போவார். இந்த நல்ல மனுஷங்களை வச்சுக்கிட்டுத்தான் ஒண்ணும் செய்ய முடியல.

மத்தியானம் ஆனா புல்லுக்கு அடியில இருந்து கருவாடு வறுக்கிற வாசனை வரும். விடியக்காலையில பெஞ்சுக்கு அடியில சேவல் கூவும். நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்தா யாரோ யாரையோ தண்ணிக்குத் திட்டுறது கேக்கும், ஒரு குடம்தாண்டி பாக்கி இருக்கு, அதை வச்சுத்தான் எல்லாரும் கஞ்சி காய்ச்சணும்னு. தலைக்கு மேல நீரூற்று பீச்சி அடிக்குது, கீழ ஒரு குடத்துக்குச் சண்டை! நடைப்பயிற்சி நண்பர்கள் குழு இதுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாங்க, குடிக்கத் தண்ணி விடுங்கன்னு இல்ல, கருவாட்டு வாசனையை நிறுத்துங்கன்னு. எட்டு வருஷமா நாப்பத்தோரு மனு அழுதுகிட்டுக் கிடந்த அதே ஆபீஸ்ல இந்த நாப்பத்திரெண்டாவது மனுவுக்கு ரெண்டு மணி நேரத்துல ஆள் போய் மல்லிகை வாசனை மருந்து அடிச்சிட்டு வந்தாங்க. அடிச்சவன் செக்கடித் தெருக்காரன், அவன் பெண்டாட்டி கீழ இருந்தா.

நான் கமிஷனர்கிட்ட மூணு தடவை போனேன். இறக்கிரலாம் சார், ஒரு நிமிஷ வேலை, வயித்துப்பிள்ளைக்காரி கீழ இருக்கான்னேன். முதல் தடவை பார்ப்போம்னார். ரெண்டாம் தடவை, பூங்கா வந்த பிறகு எல்லாப் பிரிவுலயும் பதினாலாம் வார்டைத் திறந்தா ஒரு மனுகூட இல்ல, நிலுவை பூஜ்யம், அதுக்காக மாவட்டம் பாராட்டுச் சான்றிதழ் தருதாம், விழா முடியட்டும்னார். மூணாம் தடவை என் ஒப்பந்தம் எந்தத் தேதியில முடியுதுன்னு கேட்டார். நான் என் மேசைக்குத் திரும்பி வந்துட்டேன்.

அந்த மூணு வாரத்துலயும் ஆவுடையக்கா ஒரு நாள்கூட என் மேசைக்கிட்ட வராம இருக்கல. கண்ணெல்லாம் வீங்கியிருக்கும், "காலைத் தூக்குங்கம்மா"ம்பாங்க. "அப்புறம்க்கா"ம்பேன். எனக்கு அவங்க மூஞ்சியைப் பார்க்க முடியல, அதனால திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

விழா இருபத்திரெண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. பூங்காவுலயே பந்தல், முன்னூறு நாற்காலி, மைக். காலையில பத்து மணிக்கு மாவட்டத்துல இருந்து பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்தாங்க. கமிஷனர் மைக்கைப் பிடிச்சு, "குறையே இல்லாத வார்டு" அப்படின்னு ஆரம்பிக்கிறார், பந்தலுக்கு அடியில இருந்து ஒரு பொம்பளை அலறினா. "எம்மா!"

மைக் ஒரு தடவை ஊளையிட்டு அடங்குச்சு. கமிஷனர் இருமிட்டு மறுபடி ஆரம்பிச்சார். மறுபடி, "எம்மா! எங்கம்மா இருக்க?"

ஆவுடையக்கா மாடிப்படி ஏறி ஓடி வந்தாங்க, கையில குப்பைக் கூடையோட. "கனிக்கு வலி கண்டுட்டும்மா. நான் சொல்லியிருக்கேம்மா அவகிட்ட. தலைமாட்டுல இருப்பேன்னு சொல்லியிருக்கேன்." எங்கிட்ட அவங்க கெஞ்சல, அழல, அதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. ஒப்பந்தமாவது மண்ணாவதுன்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இருபத்திரெண்டு நாள் கழிச்சு. இறக்குற கட்டளையை அடிச்சேன்.

இறங்க மாட்டேன்னுடுச்சு. ஏத்தினதுக்குள்ள ஒரே ஒரு ஆள் இருந்தாக்கூட அதை இறக்க முடியாது, உள்ள ஆள் இருக்குன்னு திரையில காட்டிட்டுச் சும்மா நிக்கும். யூனிக்ஸ் நியாயம் அது, யார் காலடியில இருந்தும் நிலத்தைப் பிடுங்காது. யாரெல்லாம் உள்ள இருக்காங்கன்னு சர்வரையே கேட்டேன். பட்டியல் மளமளன்னு ஓடுச்சு, முன்னூத்திச் சொச்சம் பேரு, திரையில கடைசி இருபத்திநாலு பேருதான் நின்னுது. கமிஷனர், தாசில்தார் கோமதிநாயகம், யோகா மாஸ்டர், சுண்டல்காரர். மேல ஓடிப்போனதை நான் பார்க்கல, பார்க்கணும்னும் தோணல. வலுக்கட்டாயமாப் பிடுங்கவும் ஒரு வழி உண்டு, ஆனா பிடுங்கினா கீழ இருக்கிறது எந்த நிலைமையில வரும்னு சொல்ல முடியாது. சர்வரையே அணைச்சா முப்பது வார்டும் சேர்ந்து போயிருமோன்னு பயம்.

கீழ ஓடினேன். பந்தலுக்குள்ள நின்னு கத்தினேன். "எல்லாரும் எந்திரிச்சு வெளிய வாங்க! ஒரு அஞ்சு நிமிஷம்! உங்க காலுக்கு அடியில ஒருத்தி பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கா!"

திரும்பிப் பார்த்தாங்க. எந்திரிக்கல. "விழா நடக்குதுல்லா" அப்படின்னது ஒரு பட்டுச்சேலை. "நாங்க வரி கட்டுதோம்" அப்படின்னார் ஒருத்தர். "இதுக்கெல்லாம் முறைப்படி எழுதிக் குடுக்கணும் ஜெயபாக்கியம்" அப்படின்னார் தாசில்தார். அடப்பாவிகளா, எழுதிக் குடுத்தது மேலதானடா நீங்க உட்கார்ந்திருக்கிய! அப்படியே சொன்னேன், மைக்குல விழுற மாதிரியே சொன்னேன். ஒரு நாற்காலி அசையல.

அப்பத்தான் கீழ கனிக்குப் பனிக்குடம் உடைஞ்சது. புல்லுக்கு அடியில இருந்து வெதுவெதுன்னு தண்ணி கசிஞ்சு, ஊறி, நடைபாதையில ஏறி, நாற்காலிக் காலை எல்லாம் நனைச்சது. ஐயையோன்னு எந்திரிச்சாங்க. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க, ஷூவைப் பார்த்துக்கிட்டு எந்திரிச்சாங்க. இரக்கத்துல ஒருத்தர் எந்திரிக்கல, எழுதி வச்சுக்கங்க, ஷூ நனைஞ்சதுலதான் அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. முன்னூறு பேரும் ஓடி வந்து ரோட்டுல நின்னு காலை உதறினாங்க. தாசில்தார் மட்டும் காலை நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த அலறல் கேட்டதும் அவரும் இறங்கி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, யார் முகத்தையும் பார்க்காம வெளிய வந்துட்டார். பூங்கா காலி. ஆவுடையக்காவை வாசலுக்கு வெளிய நிறுத்திட்டு நான் மாடிக்கு ஓடினேன். மணி பத்து முப்பத்தொண்ணு.

உட்கார்ந்தேன், கட்டளையை அடிச்சேன். உள்ள ஆள் இருக்குன்னுச்சு.

எனக்கு வந்த கோபம் இருக்கே! ஜன்னல்ல இருந்து எட்டிக் கத்தினேன். "எவன் அங்க ஒளிஞ்சிருக்கிறது? வெளிய வாங்கலே! உங்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இல்லியா?" வாட்ச்மேன் போய்ப் பந்தலுக்குப் பின்னால பார்த்தார், யாரும் இல்ல. மறுபடி அடிச்சேன், இருக்குன்னுச்சு. நீரூற்றுக்குப் பின்னால பாருங்கன்னேன், பெஞ்சுக்கு அடியில பாருங்கன்னேன். ஒரு நாய் படுத்திருந்தது, அதையும் விரட்டினாங்க. மறுபடி அடிச்சேன். இருக்கு. கீழ கனி அலறுறா, வாசல்ல ஆவுடையக்கா கையைப் பிசைஞ்சுக்கிட்டு என் ஜன்னலையே பார்க்கிறாங்க. நான் சாபம் விட்டேன். ஒரு பிள்ளை உயிரை விட உனக்கு அந்த உட்காருற இடம் பெரிசாப் போச்சா, நீ எவனா இருந்தாலும் விளங்குவியா, உன் காலு அழுகிப் போகும்னு ஊரே கேக்கிற மாதிரி சாபம் விட்டேன். ரோட்டுல நின்ன முன்னூறு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க.

கத்திக் கத்தித் தொண்டை கட்டின பிறகுதான், யார் இருக்காங்கன்னு மறுபடி ஒரு தடவை கேட்டாத்தான் என்னன்னு தோணுச்சு. கேட்டேன். பட்டியல் ஓடல. ஒரே ஒரு வரி வந்து நின்னுது. அதுல இருந்த பேரு ஜெயபாக்கியம்.

வாசிச்சேன். திரும்ப வாசிச்சேன். முதல் நாள் பத்து நாப்பதுக்கு, சரியா ஏறியிருக்கான்னு பார்க்க ஃபோல்டருக்குள்ள போனேனே, அங்க இருந்து நான் வெளிய வரவே இல்ல. இருபத்திரெண்டு நாளா அந்த ஜன்னல் திரை ஓரத்துல திறந்தபடியே கிடந்திருக்கு. குனிஞ்சு மேசைக்கு அடியில பார்த்தேன். என் கால் ரெண்டும் புல்லுல இருந்தது. நல்ல பச்சைப் புல்லு, கணுக்கால் வரைக்கும் வளர்ந்து, என் செருப்பை மூடியிருந்தது. தலைமையிடத்து முத்திரை போட்ட ஒரு கிரானைட் துண்டுல என் குதிகால் சுகமாச் சாய்ஞ்சிருந்தது.

வெளிய வர ரெண்டு எழுத்தும் ரெண்டு புள்ளியும் அடிச்சாப் போதும். அடிச்சேன். அப்புறம் இறக்குற கட்டளையை அடிச்சேன். மறுபேச்சில்லாம இறங்கிடுச்சு.

ஜன்னல்ல செக்கடித் தெரு நின்னுது. சாக்கடையும் பலகையும் துணிக்கொடியும் அறுபத்திரண்டு வீடும், நாற்காலி எல்லாம் அதுக்கு நடுவுல அங்கங்க விழுந்து கிடந்தது. ஆவுடையக்கா பலகை மேல கால் வைக்கறதுக்கு முன்னாலயே குழந்தை அழுகுற சத்தம் என் ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. நல்லா ஓங்கி அழுதது. பக்கத்து வீட்டு மேரியக்காதான் பிடிச்சு எடுத்து, தொப்புள்கொடியும் அறுத்திருக்காங்க. பெண் குழந்தை. பிறந்து ரெண்டு நிமிஷம் ஆகியிருந்துச்சாம். நான் கத்திக்கிட்டும் சாபம் விட்டுக்கிட்டும் கழிச்சது பதினோரு நிமிஷம். கனி கடைசி வரைக்கும் தலைமாட்டுப் பக்கம் கையை நீட்டித் துழாவிக்கிட்டே இருந்தாளாம், மேரியக்கா பின்னால சொன்னாங்க.

உள்ள இருந்தது யாருன்னு ஊரு கேட்டது. எதோ கோளாறுன்னு சொன்னேன். கமிஷனர் ஒண்ணும் கேட்கல, அவருக்குச் சான்றிதழ் வந்துடுச்சு. அந்த வாரமே நடைப்பயிற்சி நண்பர்கள் குழு பூங்கா வேணும்னு கையெழுத்து வாங்கிக் கொடுத்து, அதுக்குப் புதுப் பேர் வைக்க ஒரே நாள்ல தீர்மானம் நிறைவேறிச்சு, நாற்காலி எதுவும் பறக்கல. இருபத்திமூணாவது மனு பதினாலாம் ஃபோல்டர்ல இன்னும் இருக்கு, நேத்துகூடத் திறந்து பார்த்தேன்.

பிள்ளை பிறந்த மறுநாள் காலையில, லீவு போடாம, ஒன்பதரைக்கெல்லாம் ஆவுடையக்கா விளக்கமாறோட வந்தாங்க. "பேத்தி எப்படிக்கா இருக்கா?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கா"ன்னாங்க. வரிசையா எல்லார் மேசையும் கூட்டிட்டு என்கிட்ட வந்தாங்க. குனிஞ்சாங்க. மேசைக்கு அடியில, என் செருப்பைச் சுத்தி, ஒரு பிடி புல்லு காஞ்சு கிடந்தது. ராத்திரி முழுக்க யோசிச்ச நான் அதை அள்ளிப் போடணும்னு யோசிக்கல. அவங்க அந்தப் புல்லைப் பார்த்தாங்க. அந்தப் புல்லு அவங்களுக்குத் தெரியாததா, மூணு வாரம் அதுல முகத்தை வச்சுப் படுத்தவங்களாச்சே. நிமிர்ந்து என்னைத் திட்டுவாங்கன்னு காத்திருந்தேன், திட்டணும்னு வேண்டிக்கிட்டேன்.

"காலைத் தூக்குங்கம்மா"ன்னாங்க.

தூக்கினேன்.